பாறையில் பதிந்த நடை

2019 டிசம்பரில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் எம் தம்பியின் இல்லத்தில் இரு வாரங்கள் தங்கியிருந்தோம். தம்பி இறந்து எட்டுத் திங்கள் ஆகியிருந்தன. வாசலில் அவனுடைய காலணிகள், கடைசியாகக் கழற்றி வைத்த இடத்திலேயே கிடந்தன. "எடுத்து வைத்துவிடலாமா, சாமி?" என்று தம்பியின் மனைவி ஓர் இரவு கேட்டாள். "எடுத்துவிடம்மா. பிள்ளைகள் பார்த்துப் பார்த்து ஏங்குவார்கள்" என்றோம். துக்க வீடுகளில் பலமுறை கூறிய பதில்; எண்ணிப் பாராமலே வாயில் வந்துவிட்டது.

மறுநாள் விடுமுறை. அவளே வண்டியோட்ட, பிள்ளைகளுடன் யூட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலைக்குச் சென்றோம். செயின்ட் ஜார்ஜ் நகருக்கு அப்பால் வார்னர் பள்ளத்தாக்கு இருக்கிறது. தார் காணாத செம்மண் பாதை. மழை பெய்தால் வண்டி போகாது. இறங்கி நடக்க வேண்டிய தொலைவோ கால் மைல் அளவுதான். ஆறு வயதுச் சிறுமி, தூக்கச் சொல்லாமலே நடந்துவிட்டாள். நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. குட்டையான புதர்களும் தொலைவில் சிவந்த குன்றுகளும்தான். நடை ஒரு வறண்ட ஓடையில் முடிகிறது. அவ்வோடையின் பாறைத் தரையில்தான் டைனோசர்களின் அடிச்சுவடுகள் இருக்கின்றன.

1982-இல் கண்டறியப்பட்ட இவ்விடத்தில் ஏறத்தாழ 400 சுவடுகள் உள்ளன. மூன்று விரல்களும் தெளிவாகத் தெரிகின்றன. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இது ஈரச் சேற்று நிலம். மிதிபட்ட சேறு வெயிலில் இறுகியது. மேலே மணல் படிந்து மூடியது. அடுக்கடுக்காக அழுந்திக் கல்லாயிற்று. மேலடுக்கைப் பெயர்த்துச் சுவடுகளை வெளிக்காட்டிய ஓடை வெள்ளமே இன்று அவற்றைச் சிறிது சிறிதாகத் தேய்த்தும் வருகிறது. சுவட்டைக் கொண்டு மட்டும் விலங்கு இன்னதென அறுதியிட இயலாது. ஆதலால் அறிஞர்கள் சுவட்டுக்கென்றே தனிப்பெயர் இடுகின்றனர். இங்குள்ள பெரியது யூப்ரான்டிஸ், சிறியது கிராலேட்டர்.

இவ்விரு பெயர்களையும் இட்ட எட்வர்ட் ஹிட்ச்காக் ஒரு போதகர் என்பதில், நம் சபையினர் அல்லர் எனினும், எமக்குச் சிறு பெருமை உண்டு. அவர் ஆராய்ந்தது நாட்டின் மறுகோடியில், மாசசூசெட்ஸ் பகுதியில். அங்கே 1802-இல் பிளினி மூடி என்ற சிறுவன் உழுதபோது சுவடு பதிந்த கற்பலகை ஒன்று அகப்பட்டது. வீட்டார் அதை வாசற்படியாகப் போட்டுக்கொண்டனர். நோவாவின் காகம் மிதித்த தடம் என்று ஊரில் பேச்சு. ஹிட்ச்காக் 1835 முதல் 1864-இல் இறக்கும்வரை இத்தகைய சுவடுகளைத் திரட்டினார். அவை மாபெரும் பறவைகளுடையவை என்றே நம்பினார். பறவைகள் டைனோசர்களின் வழித்தோன்றல்கள் என்று இன்று அறிவியல் கூறுகையில், அவர் அடியோடு தவறினார் என்பதற்கில்லை.

ஒன்பது வயது மகன் ஒரு பெரிய சுவட்டருகே குந்தியிருந்தான். ஆறு நாள் படைப்புக்கும் 19 கோடி ஆண்டுகளுக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்பான் என எதிர்பார்த்து, குருமடத்தில் கற்ற விடையை ஆயத்தமாக வைத்திருந்தோம். அவன் கேட்டது வேறு.

"இது எவ்வளவு உயரம் இருந்திருக்கும், பெரியப்பா?"

பாதத்தின் நீளத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு, இடுப்பு வரையிலான உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. சொன்னோம். எம் கைச்சாணால் அளக்கச் செய்தான்: ஒன்றரைச் சாண். ஆறு சாண் உயரத்தில் கையை நிறுத்தச் சொல்லி, கீழே வந்து நின்று பார்த்தான். அவன் தலைக்குச் சற்று மேலே இருந்தது. சிறிது நேரம் பேசவில்லை.

"மனுஷருக்கும் இந்தக் கணக்கு சரியா வருமா?"

"ஏறக்குறைய வரும்."

"அப்பா ஷூ வாசல்ல இருக்குல்ல? அளந்து பார்க்கலாமா?"

தந்தையின் பெயரை அவன் எடுத்தது, நாம் வந்த பிறகு அதுவே முதல் முறை. அவன் தாய் சற்றுத் தள்ளி, சிறுமியின் கையைப் பிடித்தபடி நின்றாள். அவள் காதில் விழுந்ததா என்று நாம் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு சேர இருட்டிவிட்டது. தந்தையின் கருவிப்பெட்டியிலிருந்து அளவு நாடாவை அவனே எடுத்து வந்தான். காலணி 28 செ.மீ.; நான்கு மடங்கு 112. கதவுநிலையில் அந்த உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு இட்டு, அதனருகே தோளைச் சாய்த்து நின்றான். காலணி பாதத்தைவிட நீளமானது, ஆகவே கணக்குச் சற்று மிகை என்பதை நாம் சொல்லவில்லை.

பிள்ளைகள் உறங்கிய பின் தம்பியின் மனைவியிடம், "நேற்று நாம் சொன்னதை விட்டுவிடம்மா" என்றோம்.

"நான் எடுக்கணும்னு நினைக்கவே இல்லை, சாமி. கேட்டுத்தான் பார்த்தேன்" என்றாள்.