ஒரு தரம், ரெண்டு தரம்

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் வருகிற கிராமத்துக் கிறிஸ்தவச் சபை அது. ஆராதனை முடியும் நேரத்தில் அறிவிப்பு வாசிக்கத் தொடங்கினால், பிரசங்கத்தில் கண்ணயர்ந்தவர்கள்கூட நிமிர்ந்துவிடுவார்கள். பெண்கள் ஐக்கியக் கூட்டம் யார் வீட்டில், இந்த வாரம் யாருக்குக் கல்யாண ஓலை, கிறிஸ்துமஸ் கேரல் எந்தத் தெருவிலிருந்து கிளம்பும் என்று தெலுங்கில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்குத் தாவும். அதில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது: அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை, விளைந்தது எதுவானாலும் கொண்டு வாருங்கள், ஆராதனைக்குப் பின் ஏலம். கோயில் வாசலுக்கு ஏலத்தைக் கொண்டுவந்தது யார்?

வெள்ளைக்காரர் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எந்த வெள்ளைக்காரர்? இந்தப் பக்கத்தில் சபை நட்டது இங்கிலாந்துத் திருச்சபை அல்ல. அமெரிக்கச் சீர்திருத்தச் சபை. 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன். வேலூர் மருத்துவமனையின் ஐடா ஸ்கடர் அந்தக் குடும்பத்துப் பெண்தான். சித்தூர் அப்போது வட ஆற்காட்டோடு இருந்தது. தனி மாவட்டமானது 1911இல். அந்த அமெரிக்கர்களுக்கும் நவம்பரில் ஒரு நன்றி நாள் உண்டு, 1863இல் லிங்கன் அறிவித்தது. ஆனால் அது வீட்டுப் பந்தி. பீடத்துக்கு முன்னால் பூசணிக்காய் அடுக்குகிற சங்கதி இல்லை.

அடுக்கியவர் ஆங்கிலிக்கர். கார்ன்வால் கடற்கரையில் மோர்வென்ஸ்டோ என்ற சிற்றூரின் குருவானவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். விசித்திரப் பிறவி. அங்கியை விட்டு மீனவர் பின்னலாடையும் கடல் பூட்ஸும் போட்டுத் திரிவார். கப்பல் உடைந்து ஒதுங்கிய மாலுமிகளின் பிணங்களைத் தேடி எடுத்து அடக்கம் செய்வார். 1843 அக்டோபரில் ஊராரைக் கூட்டி, புதுத் தானியத்தில் சுட்ட அப்பத்தைத் திருவிருந்துக்கு வைத்தார். இன்றைய அறுப்பின் பண்டிகைக்கு அதையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். 1947 செப்டம்பர் 27, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஹாக்கரின் வழியினரும் ஸ்கடர்களின் வழியினரும் ஒரே கூரைக்குள் வந்தார்கள்.

பண்டிகை சரி. ஏலம்? ஹாக்கரிடம் அது இல்லை. எனக்குப் பட்டது இது: தெலுங்கு, தமிழ் கிராமச் சபைகளில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிகள், மாலா, மாதிகா, பறையர் தெருக்காரர்கள். கூலி தானியமாக வந்தது. காணிக்கையும் தானியமாகத்தான் போக முடியும். சமைக்கும் முன் எடுத்து வைக்கும் பிடியரிசி அப்படி வந்ததுதான். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயரான அசரியா, ஏழைச் சபையும் தன் கையால் கொடுத்து நிற்க வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருந்தார். ஆனால் நெல்லையும் சேவலையும் வைத்துக்கொண்டு கோயில் கூரைக்கு ஓடு மாற்ற முடியாதே. காசாக்க ஏலம்தான் வழி. திருமலையில் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிற சீமையில் இதற்கு மிஷனரி எதற்கு?

அந்த ஞாயிறு வேர்க்கடலை, வெல்லம், ஒரு பெட்டி தக்காளி, கால் கட்டிய சேவல் எல்லாம் வந்திருந்தன. பெங்களூரில் வேலை பார்க்கிற பையன்கள்தான் விலையை ஏற்றினார்கள். சேவலைக் கொடுத்த அம்மாளே ஐந்நூறு வரை கேட்டு அதைத் திரும்ப வாங்கினார். ஒரு முட்டையை எடுத்தவர் சபைக்கே திருப்பிக் கொடுக்க, மறுபடி ஏலம். அடுத்தவரும் திருப்ப, மறுபடி. முட்டை மொத்தம் எவ்வளவு ஈட்டியது என்று பொருளாளர் கூட்டிக்கொண்டே இருந்தார். கையில் காசில்லாதவர்களுக்கும் தடையில்லை. பெயரை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்குள் கட்டினால் போதும்.