ஆரணியில் ஒரு ஹெரால்டு

ஆரணி என்றதும் பட்டு நினைவுக்கு வரும், அடுத்து அரிசி. முகூர்த்தப் புடவை எடுக்கப் போன நண்பர் ஒருவர், ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், அவசியம் போய்ப் பாருங்கள் என்று போனில் சொன்னார். மறுவாரமே பஸ் ஏறிவிட்டேன்.

அம்பாசிடர் உத்தர்பாராவில் தயாரானது. ஃபியட் பம்பாயில். ஹெரால்டு மட்டும்தான் நம் ஊர் வண்டி. சென்னையை அடுத்த பெருங்களத்தூர் ஆலையில் 1961 முதல் செய்தார்கள். இத்தாலிக்காரர் மிக்கலாட்டி வரைந்த உருவம் அது. இங்கிலாந்தில் அதைத் தயாரித்த கம்பெனிக்கு முழு பாடியை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல் போனது. அதனால் தனிச் சட்டம் ஒன்றின்மேல் துண்டு துண்டாகத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கும்படி அமைத்தார்கள். அந்த நெருக்கடிதான் அறுபது வருஷம் கழித்து ஆரணிப் பட்டறைக்கு உதவியிருக்கிறது. துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி எடுத்துச் சரிசெய்ய முடிகிறது. பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்கிறது. மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே இன்ஜினில் கைவைக்கலாம்.

டிங்கர் வேலை பார்ப்பவருக்கு அறுபதை ஒட்டிய வயது. நெசவுக் குடும்பம். சிறுவனாக அப்பாவின் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தவர். கூலி கட்டுப்படியாகாத ஒரு வருஷத்தில் வேலூரில் ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். கதவுத் தகட்டுக்கு உள்பக்கம் டாலி இரும்பை இடக்கையால் அணைத்துக்கொண்டு, வெளியிலிருந்து சுத்தியலால் தட்டுகிறார். ஓங்கி அடிப்பதே இல்லை. சத்தம் ‘டப்’பென்று வந்தால் டாலி விலகியிருக்கிறது, ‘ணங்’கென்று வந்தால் இரும்பின்மேல் தகடு பொருந்தியிருக்கிறது. ஐந்தாறு தட்டுக்கு ஒரு முறை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். “கண்ணு ஏமாத்திடும் சார், கை ஏமாத்தாது” என்றார். பட்டியைத் தடிமனாக அப்பி மேடுபள்ளத்தை மறைக்கிற வேலையை அவர் தொடுவதில்லை. அந்தக் கதவில் பட்டி காகிதக் கனம்கூட இருக்காது.

ஒயரிங், பெயின்ட் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இன்ஜினுக்கு வருகிறேன். ஹெரால்டுக்கு 948 சி.சி., நாலு சிலிண்டர். பிஸ்டன், பேரிங் எல்லாம் புதுப்பேட்டையில் அலசினாலும் எளிதில் கிடைப்பதில்லை. இந்த வண்டிக்காரர் தினமும் ஓட்ட ஆசைப்பட்டு, மாருதி ஆம்னியின் 796 சி.சி. இன்ஜினை வைக்கச் சொல்லியிருக்கிறார். மாருதி 800 இன்ஜின் குறுக்கே உட்காருவது, முன்சக்கரத்தை இழுப்பது. ஆம்னியுடையது நெடுக்காக நின்று பின்சக்கரத்தைத் தள்ளுகிறது, ஆகவே ஹெரால்டுக்கு ஒத்துவரும். இருந்தாலும் மவுன்டிங் புதிதாகச் செய்ய வேண்டும், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை லேத்தில் கொடுத்து வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டு மயிரிழை கோணினாலும் வேகமெடுத்ததும் வண்டி முழுவதும் அதிரும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய கார் விண்டேஜ் வாகனமாகப் பதிவாகி ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர் பலகை பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆம்னி இன்ஜின் ஏறிய அன்றே அந்தத் தகுதி போய்விடும். டிங்கருக்கும் இதில் மனமில்லை. “பழைய இன்ஜின் சாவல சார். போரு போட்டு, சாமான் கடைஞ்சா ஓடும். பொறுமைதான் யாருக்கும் இல்ல” என்றார். கழற்றிய இன்ஜினைக் கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்தது கூலியைக் கேட்டபோதுதான். மாதக்கணக்கில் தட்டி நிமிர்த்தும் எந்த வண்டிக்கும் டிங்கர் பெறுவது நாள் கூலி. நடுவில் நிற்கும் தரகர் பெயின்ட் காய்ந்ததும் படம் பிடித்து, சென்னையிலோ பெங்களூரிலோ லட்சங்களுக்குக் கைமாற்றிவிடுகிறார். அப்பாவின் புடவை ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் போன விலையும் அப்பா கைக்கு வந்த கூலியும் இப்படித்தான் இருந்தன என்றார் அவர். தொழில் மாறியும் கணக்கு மாறவில்லை. வண்டியை வாங்குகிறவருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. இது அநியாயம். அவருக்குக் கீழே இப்போது வேலை பழக ஒரு பையனும் இல்லை.

வீட்டுக் கொட்டகையில் ஹெரால்டு வைத்திருப்பவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: தரகரை விடுங்கள், டிங்கரை நேரில் போய்ப் பாருங்கள், பேசிய பணத்தை அவர் கையிலேயே கொடுங்கள். பழைய இன்ஜினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.