கணவர் கொஞ்சம் வெளியே இருங்க

1/ பௌர்ணமி நைட் டியூட்டின்னா திருவண்ணாமலை டாக்டர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடிச்சு, கால் கொப்புளத்தோடு வரிசையா வருவாங்க. சில வருஷம் முன்னாடி அப்படி ஒரு ராத்திரி ஒரு இளம்பெண். காலில் ஒண்ணும் இல்லை. இடது முன்கையில் வீக்கம்.

2/ "என்னம்மா ஆச்சு?" பதில் சொன்னது கணவர். "பாத்ரூம்ல வழுக்கிட்டா சார்." எக்ஸ்ரேயில் அல்னா எலும்பு நடுவில் உடைஞ்சிருந்தது. வழுக்கி விழறவங்க கையை ஊன்றுவாங்க, பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும். இந்த இடம், அடியைத் தடுக்கக் கையைத் தூக்கும்போது உடையற இடம். படிச்சதுதான். ஆனாலும் "வழுக்கி விழுந்தது"ன்னு எழுதி, மாவுக்கட்டு போட்டு அனுப்பிட்டேன். வெளியே கூட்டம்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன்.

3/ அதை மறுபடி கிளறினது ஒரு நாவல். மீனா கந்தசாமி 2017-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'வென் ஐ ஹிட் யூ'. பெயர் சொல்லப்படாத ஓர் இளம் எழுத்தாளர், கல்லூரி ஆசிரியர் ஒருவரைக் கல்யாணம் செய்து மங்களூர் போகிறார். புரட்சி பேசும் மனுஷன். தன்னையே தீக்குச்சியால் சுட்டுக்கிட்டு அவளை ஃபேஸ்புக்கை விட வைக்கிறான். அப்புறம் ஈமெயில், போன். பிறகு அடி, பலாத்காரம். பிறந்த வீடு "பொறுத்துப் போ" என்கிறது.

4/ கதை ஆரம்பிப்பது அம்மாவிடம். தப்பி வந்த மகளின் வெடிச்ச பாதம், தலையில் பேன், இதைத்தான் அந்த அம்மா எல்லோரிடமும் சொல்லிட்டிருக்காங்க. படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னு இருந்தது. நானும் எலும்பைப் பத்தி மட்டும்தானே எழுதினேன்.

5/ 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 18-49 வயதில் திருமணமான பெண்களில் சுமார் 38% பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். அப்போ என் ஓபி வரிசையில் எத்தனை பேர்?

6/ இப்போ நான் செய்வது ஒண்ணுதான். "கணவர் கொஞ்சம் வெளியே இருங்க." அப்புறம் நேராவே கேட்பேன், "வீட்ல யாராவது அடிக்கிறாங்களாம்மா?" பலர் இல்லைம்பாங்க. சிலர் அழுவாங்க. சொன்னதை அவங்க வார்த்தையிலேயே எழுதி வைக்கிறேன். 181 நம்பரைச் சொல்றேன். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு கேட்க, விவாகரத்து வாங்கணும்னு அவசியம் இல்லை. இது பல பேருக்குத் தெரியாது.

7/ அந்தப் பெண்ணை ஆறு வாரம் கழிச்சு கட்டுப் பிரிக்க வரச் சொல்லியிருந்தேன். வரவே இல்லை.