சிவப்பு எண்ணெய், மஞ்சள் கேன்

ஜனவரி 17, பேங்கர், மெய்ன் மாநிலம்

வீட்டைச் சூடாக்கும் எண்ணெயோடு வெள்ளிக்கிழமை வரவேண்டிய லாரி, பனிப்புயலால் வரிசை நீண்டுவிட்டதாம், செவ்வாய்க்கிழமைதான் வருமாம். பேஸ்மென்ட்டில் 275 கேலன் பிடிக்கும் டேங்கின் தலையில், குப்பிக்குள் இருக்கும் சிவப்பு மிதவை அடியைத் தொட்டுக் கிடக்கிறது. வெளியே மைனஸ் 20. வீடு குளிர்ந்தால் நாம் கம்பளி போர்த்திக்கொள்ளலாம். சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்க்கு யார் போர்த்துவது?

பக்கத்து வீட்டுப் பெரியவர் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இதுக்கா இவ்வளவு கவலை? பங்க்ல டீசல் வாங்கி ஊத்து. மஞ்சள் கேன்ல பிடி" என்றார். இங்கே மஞ்சள் கேன் டீசலுக்கு, சிவப்பு பெட்ரோலுக்கு, நீலம் மண்ணெண்ணெய்க்கு. மறதியாகச் சிவப்புக் கேனைக் கவிழ்த்து டேங்கில் பெட்ரோல் கலந்துவிட்டால் வீடே மிஞ்சாது.

ஜனவரி 18

விடியுமுன்பே பர்னர் நின்றுவிட்டது. 5 கேலன் கேன் நிரம்பினால் ஏறக்குறைய 16 கிலோ. முழங்கால் பனியில் அதைத் தூக்கிக்கொண்டு, வீட்டுச் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வாயில் புனல் வைத்து ஊற்றினேன். உடனே பர்னரைப் போடக்கூடாது, அடியில் கலங்கிய கசடு படியட்டும் என்று பெரியவர் தடுத்தார்.

காலி டேங்கிலிருந்து குழாயில் காற்று ஏறிவிட்டதால், எண்ணெய் ஊற்றினாலும் தீ பிடிக்காது. பம்பின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகில் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் பழைய காபி டப்பாவுக்குள் விட்டார். ஸ்பேனரால் திருகை லேசாகத் தளர்த்திக்கொண்டு என்னைச் சிவப்பு ரீசெட் பட்டனை அழுத்தச் சொன்னார். குழாயில் முதலில் நுரை துப்பியது, பிறகு விட்டுவிட்டு ஒழுகியது, கடைசியில் குமிழி இல்லாமல் ஒரே சீராக வந்தது. திருகை இறுக்கியதும் உள்ளே தீ குபீரென்று பிடித்தது. பொறுமையில்லாமல் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறவர்கள் உண்டாம். எரியாத எண்ணெய் பர்னரின் எரியறையில் தேங்கி, பற்றும்போது வீடெல்லாம் கரிதான்.

ஜனவரி 19

ஊற்றியது வேறு சரக்கா என்று பார்த்தால், இல்லை. டீசல், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் இரண்டும் 'நம்பர் 2' எண்ணெய். முன்பு கந்தகத்தில் வேறுபாடு இருந்தது. மெய்னில் 2018 ஜூலை முதல் வீட்டு எண்ணெய்க்கும் டீசலைப் போலவே 15 பிபிஎம்தான் வரம்பு. மிஞ்சியிருப்பது சாயமும் வரியும். சாலை வரி கட்டாத எண்ணெய் என்று காட்டத்தான் வீட்டு எண்ணெயில் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். லாரியின் டேங்கில் அந்தச் சிவப்பு அகப்பட்டால் அபராதம் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது.

அரசுக்கே இதில் குழப்பம் கிடையாது. குளிர்காலத் தட்டுப்பாட்டுக்காக 2000-இல் தொடங்கிய வடகிழக்கு வீட்டு எண்ணெய்க் கையிருப்பில், 2011 முதல் 10 லட்சம் பீப்பாய் வைத்திருந்தது டீசலைத்தான்! மறுவருடம் சாண்டி புயலில் அதிலிருந்து எடுத்து அவசர வண்டிகளுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் கொடுத்தார்கள். சாய எண்ணெயைச் சாலையில் ஓட்டினாலும் அபராதமில்லை என்று அப்போது சில நாள் விலக்கும் தந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. டேங்க் வெளியே இருந்தால் கடுங்குளிரில் டீசல் மெழுகாகத் திரண்டு குழாயை அடைக்கும். அதனால்தான் டேங்க்கை வெளியே வைத்திருக்கும் டிரெய்லர் வீட்டுக்காரர்கள் மண்ணெண்ணெய் வாங்குகிறார்கள்.

ஜனவரி 21

லாரி வந்தது. எண்ணெய் ஏறும்வரை காற்றுக் குழாய் விசிலடிக்கும். விசில் நின்றால் டேங்க் நிறைந்தது என்று கணக்கு. பெரியவர் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கு லாரி வந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. லாரி வரவேண்டுமானால் குறைந்தது 100 கேலன் எடுக்க வேண்டும். அவ்வளவு பணம் ஒரே தடவையில் அவர் கையில் சேர்வதில்லை. அதனால் டீசல் அவருக்கு அவசரத்துக்கு ஊற்றுவதல்ல, வாடிக்கை. ஒவ்வொரு கேலனிலும் மத்திய அரசின் சாலை வரி 24.4 சென்ட், மாநிலத்துக்கு 31.2 சென்ட். வீட்டை விட்டு அதிகம் நகராத மனிதர் நெடுஞ்சாலைக்குத் தண்டம் கட்டுகிறார். 100 கேலன் வாங்க முடிந்த எனக்கு அந்த வரி இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

வீட்டில் எரித்த டீசலுக்கு மத்திய வரியைத் திரும்பக் கேட்கலாம், 4136 என்ற படிவம் இருக்கிறது என்றேன். வருமான வரிக் கணக்கோடு சேர்த்துத் தருவது அது. அவர் வருமானத்துக்குக் கணக்கே தாக்கல் செய்யத் தேவையில்லை. என் 100-இல் அவருக்கும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி டிரைவரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு 100, பங்கு போட விதி இல்லை என்றுவிட்டார். ஏழை வீடுகளுக்கான மத்திய எரிபொருள் உதவிக்குப் பெரியவர் விண்ணப்பித்திருக்கிறார், நேர்காணல் பிப்ரவரியில். அதுவரை மஞ்சள் கேன்தான். என் காரில் போகும்போது இரண்டாகப் பிடித்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.