ஷெட்யூலிலிருந்து ஆரம்பியுங்கள்

"வீட்டைக் காலி செய்யச் சொல்லி மனுப் போடுவதில் என்ன இருக்கிறது? படிவம் இருக்கிறது, பெயரை மாற்றினால் தீர்ந்தது" என்று ஓர் இளம் வக்கீல் என் எதிரிலேயே சொன்னார். ஆயுள் முழுவதும் அந்த மனுக்களோடு கிடந்து ஓய்வுபெற்ற குமாஸ்தா நான் என்று தெரிந்தேதான் சொன்னார். வக்கீல்களிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், சென்னை ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் வாடகை வழக்குகளே பெரும்பாலும் நடத்திய ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. வாடகை பாக்கி என்றால் அதன் பிரிவு பத்து இரண்டு ஒன்று, சொந்த உபயோகம் என்றால் பத்து மூன்று, இடித்துக் கட்ட என்றால் பதினாலு ஒன்று பி. நிலுவையைக் கட்டாமல் வழக்கை இழுப்பவருக்குப் பதினொன்று நாலில் ஓர் ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்; விரிக்கவில்லை.

தெரியாதது ஒன்று உண்டு. சீனியர் ஆர்.சி.ஓ.பி. என்ற வாடகைக் கட்டுப்பாட்டு மனுவைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் சொல்ல ஆரம்பிப்பார். முதலில் சொத்து விவரம், அதாவது ஷெட்யூல். அது முடியாமல் 'மனுதாரர் பணிவுடன் சமர்ப்பிப்பது' என்ற வரிக்கே போகமாட்டார். ஷெட்யூல் எழுதுமுன் என்னை அந்த வீட்டுக்கு அனுப்புவார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் மாதிரி தெருவில் நின்று பார்த்துவிட்டு வரவேண்டும். திரும்பி வந்ததும் கேள்வி ஆரம்பிக்கும். மாடிப்படி உள்ளேயா வெளியேயா? கிணறு யாருக்கு? பின்கட்டுக் குளியலறையை எத்தனை குடித்தனம் புழங்குகிறது? மீட்டர் எங்கே? ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் "போய்ப் பார்த்துட்டு வாப்பா" என்பார். மறுபடி பஸ்.

சென்னையில் கதவிலக்கத்தை நம்பி எதுவும் எழுத முடியாது. பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. சில தெருக்களில் பழையதற்கும் பழையது ஒன்று. சொத்து வரி ரசீதில் ஒன்று இருக்கும், கிரயப் பத்திரத்தில் இன்னொன்று இருக்கும். அடையாளம் காணும் அளவுக்கு விவரம் வேண்டும், எல்லையோ சர்வே எண்ணோ சொல்லவேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஏழாம் கட்டளை மூன்றாம் விதி சொல்கிறது. இவ்வளவுக்கும் காரணம் அமீனா, அதாவது கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர். வழக்கு ஜெயித்து, அப்பீல், ரிவிஷன் எல்லாம் முடிந்து, ஈ.பி. என்ற நிறைவேற்று மனுப் போட்டு, டெலிவரிக்கு அவர் வாரண்டோடு வாசலில் வந்து நிற்கும்போது கையில் இருப்பது ஷெட்யூல் ஒன்றுதான். 'மாடி போர்ஷன்' என்று எழுதியிருந்து மாடியில் இரண்டு போர்ஷன் இருந்தால் அவர் திரும்பிப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பூட்டை உடைக்கவும் போலீஸ் துணை கேட்கவும் சட்டத்தில் வழியிருக்கிறது. எந்தப் பூட்டு என்று காகிதம் சொல்லவேண்டுமே?

திருவல்லிக்கேணியில் ஒரு வீடு. வேறொரு ஆபீசில் எழுதிய மனு, ஈ.பி. கட்டத்தில் எங்களிடம் வந்தது. வாடகைதாரருக்குக் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. முன்புறம் தகரம் இறக்கித் தையல் மெஷின் போட்டிருந்தார். ஷெட்யூலில் இரண்டு அறைதான் இருந்தது, தகரக் கொட்டகை இல்லை. அமீனா அறைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். தட்டுமுட்டுச் சாமானோடு குடும்பம் கொட்டகைக்கு மாறியது. வாடகைதாரரின் மைத்துனர், கொட்டகை தனக்குத் தனியாக விடப்பட்டது என்று சொல்லிக்கொண்டு குறுக்கே நின்றார். தடையை நீக்க 21-ஆம் கட்டளை 97-ஆம் விதியில் மனு, அதற்கு எதிருரை, சாட்சி, குறுக்கு விசாரணை. டிக்ரியில் இல்லாததை ஈ.பி. கோர்ட் சேர்த்துக் கொடுக்காது. வீட்டுக்காரர் அந்தக் கொட்டகை கைக்கு வருமுன்பே காலமாகிவிட்டார். ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: 'முன்புறத் தகரக் கொட்டகை உட்பட'.

நோட்டீஸ் விஷயத்திலும் சீனியர் பிடிவாதக்காரர். 1979-இல் தனபால் செட்டியார் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வரும் வழக்குக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு நோட்டீஸ் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. மற்ற ஆபீஸ்களில் நோட்டீஸைக் கைவிட்டார்கள். எங்கள் ஆபீசிலிருந்து பதிவுத் தபால் போய்க்கொண்டுதான் இருந்தது. நோட்டீஸ் அவருக்குச் சடங்கு அல்ல. எதிராளியைப் பேச வைக்கும் வழி. பதில் நோட்டீஸில் வாடகைத் தொகையை மறுக்கிறாரா, அட்வான்ஸில் கழிக்கச் சொல்கிறாரா, நீ வீட்டுக்காரனே இல்லை என்கிறாரா என்பது தெரிந்துவிடும். நியாயமில்லாமல் உரிமையை மறுத்தால் அதுவே காலி செய்ய ஒரு காரணம். பாக்கி வழக்கில், நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் கடந்தும் கட்டாவிட்டால் அது வேண்டுமென்றே வைத்த பாக்கி என்று சட்டத்தின் விளக்கமே சொன்னது. 1985-இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விரிவாக அலசியது.

இப்போது சட்டமே மாறிவிட்டது. 2017-ஆம் வருடத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், வாடகை அதிகாரியிடம் பதிவு, வாடகை நீதிமன்றம் என்று எல்லாம் புதிது. ஒப்பந்தம் போடாமல் போனதே 21-ஆம் பிரிவில் காலி செய்ய ஒரு காரணம். நல்ல சட்டம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஒரு காரணம் வந்ததிலிருந்து ஜூனியர்களுக்கு வேறு எதையும் எழுதக் கை வரவில்லை. பாக்கியா, எத்தனை மாதம், கடைசி ரசீது எந்தத் தேதி என்று கட்சிக்காரரிடம் கேட்பதுகூட இல்லை. வாய்மொழியாக அப்பா காலத்தில் விட்ட வீட்டுக்கும், போன வருடம் விட்ட ஃபிளாட்டுக்கும் ஒரே மனு.

ஷெட்யூலைச் சொத்து வரி ரசீதைப் பார்த்து அப்படியே அடிக்கிறார்கள். வரி ரசீது முழுக் கட்டடத்துக்கு. வாடகைக்கு விட்டது அதில் ஒரு மூலை. டவுன்லோட் செய்த ஒப்பந்தத்திலும் கதவிலக்கம் தவிர ஒன்றும் இருப்பதில்லை. கேட்டால், "லொகேஷன் அனுப்பச் சொல்லியிருக்கேன் சார்" என்கிறார்கள். செல்போன் வரைபடத்தில் பின்கட்டு தெரியுமா?

வக்கீல் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். மனுவில் கையெழுத்துப் போடுமுன் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். பழைய எண், புதிய எண், எந்தத் தளம், எந்தத் திசை, நாலு எல்லை, பொதுவில் புழங்கும் இடம், அந்தப் போர்ஷனின் மின் இணைப்பு எண், இத்தனையும் ஷெட்யூலில் ஏறட்டும். உங்களுக்குப் போக நேரமில்லையென்றால் குமாஸ்தாவை அனுப்புங்கள்; பஸ் காசையும் மறக்காமல் கொடுங்கள்.