சிறுதேரும் சிற்றிரயிலும்

பத்துப்பாட்டில் ஒன்றாகிய பட்டினப்பாலையில் ஓர் இனிய காட்சி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. கொத்த வந்த கோழியை விரட்ட, காவலிருக்கும் பெண் தன் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். பொற்சிலம்பு அணிந்த சிறுவர் குதிரையின்றி உருட்டிவரும் சிறுதேரின் வழியில் அக்குழை விழுந்து தடையாகிறது. சோழநாட்டின் செல்வச் செழிப்புக்கு இதனைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். பொன் விளைந்த மண்ணில் வாழும் எமக்கோ இதில் வேறொன்று புலப்படுகிறது. குழையின் நிறை எத்தனை கழஞ்சு என்று கூறாத புலவர், பொம்மைத் தேருக்குச் சக்கரம் மூன்று என்பதை மட்டும் தவறாமல் கூறிவிடுகிறார்.

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனாரும் இத்தகைய வண்டியொன்றைக் காட்டுகிறார். தச்சன் செய்த சிறிய வண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதைக் கையால் இழுத்து மகிழும் இளையோரை அவர் உவமையாக்குகிறார். ஏறிச் செல்ல இயலாத வண்டியைச் செய்து மகிழ்வோர் நாற்பது வயதைக் கடந்தவர்களிலும் உண்டு. யாமும் அவர்களுள் ஒருவர். யாம் செய்வது சிறுதேர் அன்று, சிற்றிரயில்.

மேலைநாடுகளில் இது பெரியதொரு கலையாக வளர்ந்துள்ளது. ஜெர்மனியின் ஆர்னால்டு நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் 9 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிகளைப் பரப்பியது. ஒன்பதைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தால் அதற்கு ‘என்’ அளவு என்று பெயர். உண்மை வண்டியின் 160இல் ஒரு பங்கு அது. 1972இல் மெர்க்ளின் நிறுவனம் 220இல் ஒரு பங்காகிய ‘இசட்’ அளவைக் கொணர்ந்தது. இதனினும் சிறியது இனி வாராது என்றெண்ணியே அகரவரிசையின் இறுதி எழுத்தை அதற்குச் சூட்டினர் என்பர். 2006இல் ஜப்பானியர் 3 மி.மீ. தண்டவாளத்தில், 450இல் ஒரு பங்கு அளவில் இரயில் விட்டுக் காட்டினர்! நம் நாட்டிலும் புணே நகரில் ஜோஷி என்பார் தம் வாழ்நாள் உழைப்பால் உருவாக்கிய சிற்றிரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது.

கடையில் வாங்கினால் போகாதா, கையால் செய்வானேன் என்று நண்பர்கள் வினவுவர். விடை எளிது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அயல்நாட்டு வண்டிகள். அவர்கள் தண்டவாளத்தின் அகலம் 1,435 மி.மீ.; நம் அகலப்பாதையோ 1,676 மி.மீ. அதை 160ஆல் வகுத்தால் பத்தரை மி.மீ. வருகிறது. ஆகவே ஒன்பது மி.மீ. பாதையில் நம் வண்டி இயல்பாக நிற்காது. நாம் ஏறிச் சென்ற வண்டி வேண்டுமாயின் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

1955இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் தொழிற்சாலையின் பழைய பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் 21,337 மி.மீ. நீளமும் 3,245 மி.மீ. அகலமும் உடையது. 160ஆல் வகுத்தால் 13 செ.மீ.க்குச் சற்று மிகுந்த நீளம், 2 செ.மீ. அகலம், உள்ளங்கையில் தொடங்கி நடுவிரலைத் தாண்டாது. திருமண அழைப்பிதழின் தடித்த அட்டையே பக்கச் சுவர். மடிக்கும் முன்னரே ஜன்னல்களைப் பிளேடால் அறுத்துவிட வேண்டும். சட்டைப் பெட்டியின் கண்ணாடித்தாள் ஜன்னலாகிறது. இன்சுலின் ஊசியின் துண்டு பெட்டியின் கோடியில் ஏறும் நீர்க்குழாயாகிறது. சக்கரங்களை மட்டும் விலைக்கு வாங்கி, அச்சில் சற்று வெளியே இழுத்துப் பத்தரை மி.மீ.க்கு நிறுத்துகிறோம். கடினமானது ஜன்னல் கம்பி. தலைமயிரை 160 மடங்கு பெருக்கினால் ஒரு செ.மீ.க்குச் சற்று மிகும். உண்மைக் கம்பியின் பருமனும் ஏறத்தாழ அவ்வளவே. மயிரிழையை ஒட்டிப் பார்ப்பதைவிட, கண்ணாடித்தாளில் ஊசியால் கோடு கீறி, அக்கீறலில் வண்ணத்தைத் தேய்த்துத் துடைத்தெடுப்பது நன்று. நான்கு கோடுகள் இணையாக அமைந்துவிட்டால் அன்றிரவு நல்ல உறக்கம் வரும்.

அந்தப் பெட்டியின் கடைசிப் பிரதி 2018 ஜனவரியில் பெரம்பூரை விட்டு வெளியேறியது. நம் ஊர்ப் பாதையும் எத்தனையோ மாற்றங்களைக் கண்டது. பௌரிங்பேட்டை என்னும் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை 1894இல் இரயில் வந்தது. பங்காருப்பேட்டையிலிருந்து கோலாருக்கு 1913இல் போடப்பட்ட 762 மி.மீ. குறும்பாதை இன்று இல்லை, அகலப்பாதையாகிவிட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின், மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூரில் பிழைத்துவரும் ஆயிரக்கணக்கானோரில் யாமும் ஒருவர். அலுவலகத்தில் நாள் முழுதும் எண்களை எழுதுகிறோம், அவ்வெண்களுக்கு உருவமில்லை. இரவில் வகுத்தெடுக்கும் எண்ணுக்கோ கூரையும் கதவும் சக்கரமும் முளைக்கின்றன.

அளவைச் சுருக்குவதால் விளையும் பயன் பொழுதுபோக்கு மட்டுமன்று. ஏறத்தாழ 16 கி.மீ. நீளமுள்ள நம் கிளைப்பாதையை 160இல் ஒரு பங்காக்கினால் 100 மீட்டர் வரும். எந்த வீட்டிலும் அடங்காது. சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3 கி.மீ.க்கு மேற்பட்ட ஆழமுடையது. அதே அளவில் அதற்கு 20 மீட்டர் ஆழம் வேண்டும். அஃதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். மனிதனோ ஒரு செ.மீ. உயரமே இருப்பான். ஆறு மாடி உயரத்தின் அடியில் ஒரு செ.மீ. மனிதனை நிறுத்தி மேலிருந்து எட்டிப் பார்ப்பதாக எண்ணிப் பாருங்கள். நம் தந்தையரும் பாட்டன்மாரும் நாள்தோறும் எங்கே இறங்கினார்கள் என்பது அப்போது விளங்கும். இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தும், இந்த வகுத்தல் கணக்கைப் போட்ட பின்னரே எமக்கு அது விளங்கிற்று.

எம் தந்தையார் சுரங்கத்தினுள் கனிமக்கல் வண்டி தள்ளியவர். அவ்வண்டியைச் செய்ய விரும்பியபோது எம் கையில் வரைபடம் எதுவுமில்லை. ஆதலால் எண்பதை நெருங்கும் அவர் உடம்பையே அளவுகோலாக்கினோம். “எந்த உயரத்தில் கை வைத்துத் தள்ளுவீர்கள் அப்பா?” என்றோம். எழுந்து நின்றார், இரு கைகளையும் மார்புக்கு நேரே நீட்டினார், சற்றுக் குனிந்தார். தரையிலிருந்து அவர் கைவரை அளவுநாடா பிடித்தோம். நீளத்துக்கு இரு கைகளையும் விரித்தார். முழுதாக விரிக்கவில்லை, இவ்வளவுதான் என்று ஓரிடத்தில் நிறுத்தினார். மறுநாளும் கேட்டோம், அதே இடத்தில் நிறுத்தினார். கை மறக்கவில்லை.

பித்தளைத் தகட்டில் மடித்துச் செய்த அவ்வண்டி ஒரு நெல்மணியின் நீளமே இருந்தது. பூதக்கண்ணாடியை அவரிடம் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தார். “வண்டி சரிதாம்பா. தள்ளுறவன் எங்கே?” என்றார்.

அன்றிரவு செம்புக் கம்பியை முறுக்கி ஒரு செ.மீ. ஆளொருவனைச் செய்து, குனிந்த நிலையில் வண்டியின் பின் நிறுத்தினோம். அதைக் கண்டபின் அவர் பேசத் தொடங்கினார். தம்மோடு தள்ளியவர் இன்னார், அவர் ஊர் இது, கல் வெடித்த நாளில் திரும்பாதவர் இன்னார் என்று, அதுவரை வீட்டில் ஒருநாளும் சொல்லாதவற்றையெல்லாம் சொன்னார். வண்டியின் அளவைக் குறித்த அதே குறிப்பேட்டில் அப்பெயர்களையும் எழுதிவைத்தோம்.

வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி இம்மண்ணுக்கு வந்த குடும்பங்கள் நாம். நம் முன்னோர் கைபட்ட கருவிகளில் எத்தனையோ பழைய இரும்பாகிவிட்டன. அவற்றின் அளவு இன்னும் சில முதியவர்களின் தோளிலும் விரலிலும் தங்கியிருக்கிறது. சிற்றிரயில் செய்யும் பொறுமை எல்லார்க்கும் வாய்க்க வேண்டுவதில்லை. இல்லந்தோறும் ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் உண்டன்றோ? அடுத்த விடுமுறை நாளில் அவற்றை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர் அருகில் அமர்ந்து, அவர் கையாண்ட பொருளின் உயரம் என்னவென்று கேளுங்கள். மற்றவற்றை அவரே சொல்வார்.