பராபா வெளியில் ஒரு கோடைப் பகல்

சைபீரியா என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன உறைபனியும், சறுக்கு வண்டியும், கம்பளிக்குள் முடங்கிய மனிதருமே. நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். 2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ருஷ்யாவை மோட்டார் சைக்கிளிற் கடக்கும் எண்ணத்துடன், ஆளுக்கொரு வண்டியாக, நாமும் நண்பர் ஒருவரும் ஒம்ஸ்க் நகரை அடைந்தபோது, எமது பைகளின் அடியிற் கிடந்த கம்பளிச் சட்டைகளைப் பார்த்து நாமே நகைத்தோம். காலை ஏழு மணிக்கே வெய்யில் முதுகைச் சுட்டது.

ஓம் என்னும் சிற்றாறு இர்த்திஷ் பேராற்றுடன் கலக்குமிடத்தில் அமைந்தது ஒம்ஸ்க். நாவலாசிரியர் தொஸ்தோயெவ்ஸ்கி 1850 முதல் 1854 வரை கால் விலங்குடன் கடூழியச் சிறையிருந்தது இங்கேதான். இலக்கிய ஆர்வமுள்ள மாணவர் எவரும் இந்நகரில் ஒரு நாளேனும் தங்குவர். எமக்கோ அவசரம். நோவோசிபீர்ஸ்க் நகர் ஏறக்குறைய 650 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. அன்றே அதனை எட்டிவிடத் திட்டமிட்டிருந்தோம். அந்நகரின் கடிகாரம் ஒம்ஸ்க் கடிகாரத்துக்கு ஒரு மணி முந்தியது. ஆதலால் ஒரு மணி நேரத்தை வழியிலேயே இழந்தாக வேண்டும்.

இர்த்திஷ் ஆற்றுக்கும் ஓப் ஆற்றுக்கும் இடையே கிடக்கும் சமவெளிக்குப் பராபா என்று பெயர். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடில்லை. புல், நாணல், சதுப்பு நிலம், உப்பேரி, இடையிடையே வெண்பட்டை போர்த்த பேர்ச் மரக் கூட்டங்கள், மீண்டும் புல். இவ்வெளியிலுள்ள குய்பிஷெவ் பட்டணத்தின் பழைய பெயர் காயின்ஸ்க். துருக்கிய மொழிகளில் பேர்ச் மரத்தைக் காயின் என்பர்; மரமே ஊருக்குப் பெயராயிற்று. தெருவுக்குத் துணையாகச் சைபீரியப் புகையிரதப் பாதையும் செல்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வெளியின் வெண்ணெய் அப்பாதை வழியே ஐரோப்பாவுக்குப் பயணஞ் செய்தது.

வண்டி ஓடினால் காற்று வீசுமே, வெப்பம் எங்ஙனம் வருத்தும் என்று வாசகர் வினவக்கூடும். காற்றின் சூடு உடலின் சூட்டை நெருங்கிவிட்டால், அக்காற்று குளிர்ச்சி தருவதில்லை. வியர்வையை அரும்பும்போதே உலர்த்தி, உடலின் நீரைக் களவாடிச் செல்கின்றது. மேனி நனையாமையால் தாகத்தையும் நாம் பொருட்படுத்துவதில்லை. பகல் பதினொரு மணிக்கு எமது வண்டியிற் பொருத்தியிருந்த வெப்பமானி 35 பாகை காட்டியது. தார் இளகிவிட்டது. வண்டியை நிறுத்தியபோது அதன் தாங்குகால் தெருவுக்குள் மெல்லப் புதையலாயிற்று. தகரப் பேணியொன்றை நசுக்கி அதன் கீழ் வைத்தோம். நின்றால் மாட்டு ஈக்கள் மொய்த்தன. ஆகவே நிற்பதையும் குறைத்தோம். அன்று நாம் செய்த பிழைகளுள் அதுவே பெரிது.

நண்பகலில் தெருவோர உணவுச்சாலை ஒன்றிற் புகுந்தோம். அங்கிருந்த மூதாட்டியார் அக்ரோஷ்கா என்னும் குளிர்ந்த சூப்பைத் தந்தார். றை மாப் பாணைப் புளிக்க வைத்து எடுக்கும் குவாஸ் என்ற பானத்தில் வெள்ளரி, முள்ளங்கி, அவித்த முட்டை ஆகியவற்றை வெட்டியிட்டு, மேலே புளித்த ஆடை ஒரு கரண்டி. பழஞ்சோற்றுத் தண்ணீர் அருந்திப் பழகிய நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. பணங் கொடுத்துப் புறப்படும்போது அவர் மேற்குத் திசையைச் சுட்டி, “கிரஸா, கிரஸா” என்றார். அடுத்த ஊரின் பெயர் போலும் என்றெண்ணித் தேசப்படத்திலே தேடினோம். அப்படி ஓர் ஊரைக் காணவில்லை. தலையசைத்து விடைபெற்றோம்.

பராபின்ஸ்க் ஊரைக் கடந்து அரை மணி சென்றிருக்கும். எமக்கு முன்னே சென்ற நண்பரின் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. ஹோர்ன் அடித்து நிறுத்தினோம். அவர் முகம் வெளிறியிருந்தது; வாந்தி வருவதாகச் சொன்னார். பேர்ச் மர நிழலிற் படுக்கவைத்து, மேற்சட்டையை நீக்கி, கழுத்திலும் மார்பிலும் தண்ணீர் ஊற்றி, உப்பும் சீனியும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருக்கினோம். அப்பொழுதுதான் திரும்பிப் பார்த்தோம். மேற்கு வானம் முழுவதும் மையிட்டது போற் கறுத்திருந்தது.

அத்தகைய புயல் மணிக்கு 40, 50 கிலோமீற்றர் வேகத்தில் நகர்வதுண்டு. வண்டியில் ஏறினால் முந்திவிடலாம். ஆனால் நண்பரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. மின்னலுக்கும் இடிக்குமிடையே எண்ணினோம்: முப்பது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க மூன்று விநாடி ஆதலால், பத்துக் கிலோமீற்றர் தூரம். சிறிது நேரத்திற் பதினைந்து. அந்த வெட்டவெளியில் உயர்ந்து நின்றவை எமக்கு நிழல் தந்த மரங்களே. மரத்தடியில் இருத்தல் ஆபத்து. வெளியில் நிற்பதும் ஆபத்து. மோட்டார் சைக்கிளின் றப்பர்ச் சில்லு மின்னலிலிருந்து காக்கும் என்பது வெறும் கதை. நண்பரின் கைகளைத் தோளிலிட்டு, தெருவை நோக்கி இழுத்துச் சென்றோம்.

தெருவிலே கிழக்கு நோக்கி வந்த நெடுந்தூர லொறி ஒன்று நின்றது. நாம் கை காட்டவில்லை. காட்டுவதற்குக் கையும் இல்லை. சாரதி இறங்கி ஓடிவந்து, நண்பரின் கால்களைப் பிடித்துத் தூக்கி, எம்மிருவரையும் தம் ஆசனப் பக்கத்தில் ஏற்றிக் கதவை அடைத்தார். இரும்புக் கூண்டு போன்ற அவ்விடத்தில் மின்னல் விழுந்தாலும், வெளிப்புறத் தகட்டின் வழியே சென்றுவிடும். மறுகணம் காற்று அறைந்தது. நெல்லிக்காய்ப் பருமனில் ஆலங்கட்டி விழுந்தது. சாரதி வானத்தைச் சுட்டிக் “கிரஸா” என்றார். அப்பொழுதே பொருள் விளங்கிற்று: இடிமின்னலுடன் கூடிய புயல்மழை. ஒஸ்திரோவ்ஸ்கி 1859இல் எழுதிய புகழ்பெற்ற நாடகத்துக்கும் அதுவே பெயர். ஆங்கிலப் பெயரால் மட்டும் அறிந்திருந்த எமக்கு அது உதவவில்லை.

முக்கால் மணி நேரம் அங்கிருந்தோம். வெளிச்சம் வந்தபோது வெப்பம் 16 பாகைக்கு இறங்கியிருந்தது. நண்பரின் வண்டி கவிழ்ந்து ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. பேர்ச் மரங்கள் ஒன்றும் ஆகாமல் நின்றன. பிழைத்தோமா, அல்லது பிழைக்க வேண்டிய ஆபத்தே அங்கு வரவில்லையா என்பதை அவற்றைப் பார்த்து அறியக்கூடவில்லை. சாரதி பணத்தை வாங்க மறுத்தார். பையிலிருந்த தேயிலைப் பொட்டலத்தை நீட்டினோம். மேலுறையை எழுத்துக்கூட்டிப் படித்து, “செய்லோன்ஸ்கி!” என்று முகம் மலர்ந்து பெற்றுக்கொண்டார்.

நோவோசிபீர்ஸ்க் எண்ணத்தைக் கைவிட்டோம். நண்பருக்குத் தெம்பு வரும்வரை வெகுநேரம் காத்திருந்து, கம்பளிச் சட்டைகளைத் தேடி எடுத்து அணிந்துகொண்டு, ஊர்ந்தவாறே கார்காத் என்னும் சிறு பட்டணத்தை அடைந்தோம். இரவு ஒன்பது மணியாகியும் சூரியன் மறையவில்லை. மறுநாட் காலை விடுதிக்கார அம்மையார் தேநீர் வார்க்கையில், நண்பர் யன்னலைக் காட்டி, “கிரஸா?” என்று கவலையுடன் கேட்டார். அம்மையார் வானத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, “நியெத்” என்று சிரித்தார்.